வளவு மீண்ட கதை

உறுதியில் எழுதப்பட்டதால் எமதான காணி ஒன்று. உள்ளங்கை காய்க்க உழைத்தபின் எமதாகும் காணி வேறொன்று. இரண்டும் ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அது பிழையென உணர்த்தியது எமது பழைய வளவு.

வலிகாமம் வடக்கிலுள்ள அவ்வளவை விட்டு, 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு பெட்டியோடு புறப்பட்டோம். இரண்டொரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று எம் தந்தையார் நம்பியிருந்தார். மீண்டும் அம்மண்ணை மிதிக்க 28 ஆண்டுகள் கழிந்தன. 2018 சித்திரையில் விடுவிக்கப்பட்ட காணிகளுள் எமதும் ஒன்று.

சென்று பார்த்தபோது வேலியைக் காணவில்லை. வீடு நின்ற இடத்தில் அத்திவாரக் கற்களே எஞ்சியிருந்தன. எருக்கலையும் நாயுண்ணியும் ஆளுயரத்திற்கு மண்டியிருந்தன. 82 வயதான தந்தையார் ஒழுங்கையில் நின்றபடி, "இது எங்கடை வளவுதானோ?" என்று எம்மையே வினவினார். பற்றைகளை வெட்டி உள்ளே போய், கிணற்றடியில் தம் கையாற் பதித்த உடுப்புத் தோய்க்கும் கல்லைக் கண்ட பின்னரே அவருக்கு ஐயம் தீர்ந்தது.

மானிப்பாயில், வாடகை வீட்டிற் பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகளோ, "இதை விற்றுவிட்டால் என்ன?" என்றனர். அவர்களில் குற்றமில்லை. அவர்கள் கண்டது வெறும் பற்றைக் காட்டையே. தந்தையார் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை மண்வெட்டி எங்கே என்று மட்டும் கேட்டார்.

அன்று தொடங்கிய வேலை ஆறு மாதம் நீடித்தது. முதலிற் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினோம். பின்னர், எம் இளமையில் பெயரே கேட்டிராத பார்த்தீனியத்தைப் பூக்குமுன்னரே வேரோடு பிடுங்கினோம். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்க வல்லது. தோலிற் பட்டாற் சொறியும் உண்டாகும். ஆதலாற் கையுறையின்றி அதைத் தொடுதல் ஆகாது.

எம்மைத் தோற்கடித்தது கோரைப் புல்லே. அவசரப்பட்டு அதை மண்வெட்டியாற் கொத்தி எறிந்தோம். ஐப்பசி மழைக்கு அது முன்னையினும் அடர்த்தியாக முளைத்தது. அதன் கிழங்குகள் மண்ணுள் மணிமாலை போலத் தொடுத்திருப்பவை. கொத்துந்தோறும் மாலை அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் விழித்துக்கொள்ளும். மனமுடைந்து நின்ற எம்மிடம் தந்தையார் சொன்னார்: "தம்பி, கோரையை வெட்டாதை, கிழங்கோடை கிண்டி எடு. பிறகு வெயில் படாமல் மூடிவிடு."

கோரை நிழல் தாங்காது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். அவ்வாறே கிண்டி எடுத்து, அந்நிலம் முழுவதும் வற்றாளைக் கொடியைப் பரப்பினோம். கொடி படரப் படரக் கோரை ஒடுங்கியது. மற்றைப் பக்கத்தில் பூவரசங்குழை தாழ்த்து, ஆட்டெரு இட்டு, கத்தரியும் மிளகாயும் பயிற்றையும் நட்டோம்.

மார்கழியில் முதற் பயிற்றங்காய்களை மகள் பறித்தாள். எண்ணிப் பார்த்தபோது பதினேழு இருந்தன. ஊர் வழக்கப்படி முதற் பங்கு கோயிலுக்குப் போயிற்று. எம்மைப் போலவே மீண்டு வந்திருந்த அயல் வீட்டாருக்கு ஒரு பங்கு. எஞ்சியதை அன்று மதியம் பால்கறியாக உண்டோம். சந்தையில் அற்ப விலைக்கு வாங்கக்கூடியதுதான். ஆயினும் அத்தகைய கறியை நாம் அதுவரை உண்டதில்லை. அதன்பின் விற்பதைப் பற்றி எவரும் பேசவில்லை. அடுத்த வாரம் மகள் தனக்கென்று ஒரு பாத்தி கேட்டாள்.

இழந்த வளவு அப்படியே திரும்பவில்லை. பழைய கறுத்தக்கொழும்பான் மாமரம் போனது போனதே. அது நின்ற இடத்தில் தந்தையார் ஓர் ஒட்டுக் கன்றை நட்டுப் பட்டையால் நீர் வார்த்தார். அது காய்த்தபோது அவர் எம்முடன் இல்லை. முதற் பழத்தை அவருடைய திவசத்திற்குப் படைத்தோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் கவனிப்பாரற்ற ஒரு மூலை இருக்கக்கூடும். முழுவதையும் ஒரே நாளில் திருத்த முற்படாதீர்கள். ஒரு பாத்தி அளவு நிலத்தைக் கிண்டி, வீட்டிலுள்ள முதியவரை அருகில் அழைத்துக் கேளுங்கள். அவர் சொல்ல நிறைய இருக்கும்.