நாலு டொலர் பில்டர்

போன வருடம் நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை விடிய ஐந்தரை மணி. அம்மா வேலைக்குப் போகக் காரை ஸ்டார்ட் பண்ணினார். நான் மேல் அறையில் பாதி நித்திரையில் கிடந்தேன். தகரப் பேணிக்குள் ஒரு பிடி ஆணியைப் போட்டுக் குலுக்கினது போல எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. இரண்டு மூன்று செக்கன்தான். பிறகு நின்றுவிட்டது. கார் வழக்கம்போலப் புறப்பட்டுப் போனது.

நான் திரும்பிப் படுத்துவிட்டேன். அப்பா படுக்கவில்லை. எட்டு மணிக்கு நான் கீழே இறங்கியபோது குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றார்.

"பிள்ளை, ஒயில் மாத்தேக்க என்ன பில்டர் போட்டனீ?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

எங்களுடையது 2004 ஹொண்டா சிவிக். 1.7 லீற்றர் எஞ்சின். என் வகுப்பில் சிலரைவிட ஒரு வயது மூத்தது. அம்மா கிழமை நாட்களில் அதில்தான் 401 நெடுஞ்சாலையால் வேலைக்குப் போய் வருகிறார். வார இறுதியில் அது என்னுடையது. அதன் ஒயிலை எத்தனையோ வருடமாக அப்பாதான் மாற்றி வந்தார். தோள்மூட்டு நோவு வந்த பிறகு, ஒக்டோபரில் ஒருநாள் ஸ்பானர் பெட்டியை என் முன்னால் வைத்து, "இனி நீ பார்" என்றார்.

பெருமையாக இருந்தது. உடனே போனை எடுத்துப் பில்டர் தேடினேன். நாலு டொலரிலிருந்து இருபது டொலர் வரை இருந்தன. வெளியில் பார்த்தால் எல்லாமே நிறம் மாற்றிய ஒரே தகரப் பேணி. இருபது வயதுக் காருக்கு எதற்கு விலை கூடின பில்டர் என்று நினைத்து நாலு டொலர் ஒன்றை எடுத்தேன். பெட்டியில் காரின் பெயர் இருந்தது. செய்தவர் பெயர் இருக்கவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

"வெளிப்பக்கம் பாத்து வாங்கியிருக்கிறாய்," என்றார் அப்பா. "இரவில ஒயில் முழுக்கக் கீழ இறங்குது. விடிய எஞ்சின் வெறுவயிறில ஓடுது. சனிக்கிழமை மாத்துவம்."

அவர் சொன்னது பிழை என்று காட்டுவதற்காகத்தான் நான் முதலில் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு மணித்தியாலத்தில் அவர் பக்கம் சேர்ந்துவிட்டேன். நான் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களிலும் பலருக்கு முதல் கார் அப்பாவின் பழைய காராகத்தான் இருக்கும்.

பில்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஓரமாகச் சுற்றிவர சின்னத் துளைகளும், நடுவில் மரை வெட்டிய ஒரு பெரிய துளையும் இருக்கும். பம்ப் தள்ளும் ஒயில் ஓரத் துளைகளால் உள்ளே போகிறது. விசிறி போல மடித்து வைத்த வடிதாளுக்குள்ளால் புகுந்து, நடுத்துளையால் எஞ்சினுக்குத் திரும்புகிறது. ஓரத் துளைகளுக்குப் பின்னால் ஒரு றப்பர் மடல் இருக்கிறது. எஞ்சின் நின்றதும் அது துளைகளை மூடி, ஒயில் திரும்பி வடியாமல் பிடித்து வைக்கும். எங்கள் காரில் பில்டர் எஞ்சினின் பின்பக்கத்தில் படுத்தபடி இருக்கிறது. அதனால் அந்த மடல் சரியாக மூடாவிட்டால் இரவு முழுவதும் ஒயில் கீழே சம்புக்கு வடிந்துவிடும். விடிய ஸ்டார்ட் பண்ணும்போது பம்ப் முதலில் வெறும் பில்டரை நிரப்ப வேண்டும். அந்த இரண்டு மூன்று செக்கனுக்கு இரும்போடு இரும்பு உரசும்.

அந்த மடலைச் சாதாரண நைட்ரைல் றப்பரிலும் செய்கிறார்கள், சிலிக்கோனிலும் செய்கிறார்கள். நைட்ரைல் மலிவு. ஆனால் சூட்டில் மெல்ல மெல்ல இறுகும், குளிரிலும் விறைக்கும். சிலிக்கோன் இரண்டிலும் நெகிழ்வாக இருக்கும். எங்கள் குளிர்காலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே இன்னொரு வால்வும் உண்டு. வடிதாள் அடைபட்டால், அல்லது கடும் குளிரில் ஒயில் தேன்போலத் தடித்திருந்தால், அது திறந்து ஒயிலை வடிகட்டாமலே எஞ்சினுக்கு விடும். முதலில் எனக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. யோசித்தால் அப்படி இல்லை. ஊத்தை ஒயிலில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், ஒயில் இல்லாமல் ஓடாது. எவ்வளவு அழுத்தத்தில் அந்த வால்வு திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சில எஞ்சின்களில் அது பில்டருக்குள் இல்லாமல் எஞ்சினிலேயே இருக்கும். ஆகவே மரை பொருந்துகிறது என்பதற்காக ஒரு பில்டர் அந்தக் காருக்குரியது ஆகிவிடாது.

மூன்றாவது வடிதாள். பெட்டிகளில் "99 வீதம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை மைக்ரோன் அளவுத் துகளில் 99 வீதம் என்று பக்கத்தில் தேடுங்கள். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். 20 மைக்ரோன் துகளில் 99 வீதத்தைப் பிடிப்பது நல்ல பில்டர். 40 மைக்ரோனில் அதே 99 வீதம் என்பது வேறு கதை. ஐஎஸ்ஓ 4548-12 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அந்த எண்ணும் மைக்ரோன் அளவும் சேர்ந்து இருந்தால் அந்த வீதத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. வெறும் வீதம் விளம்பரம்.

அந்தக் கிழமை முழுவதும் ஐந்தரைக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்தது. படுத்தபடியே சத்தத்தை எண்ணினேன். செவ்வாய் மூன்று செக்கன். புதன் மூன்று. வியாழக்கிழமை நல்ல குளிர், ஐந்து செக்கன். அம்மா எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பின்னேரம் வந்து, "கார் இருமுது என்ன?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளி இரவு அப்பா, யாரும் கேட்காமலே, பெரியப்பாவின் மொறிஸ் மைனரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கம். பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவதில்லை. கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. மிச்சம் பிஸ்டனுக்குப் பக்கத்தால் இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும். பெரியப்பா ஒவ்வொரு நாளும் டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பார்ப்பாராம்.

"அப்ப பில்டர்?" என்று கேட்டேன்.

"அந்தக் காருக்கு இப்பத்தைய மாதிரிப் பேணி இல்லை. ஒரு இரும்புக் கிண்ணம், அதுக்குள்ள ஒரு வடி. புதுசு எங்க எடுக்கிறது? பழசையே மண்ணெண்ணெயில கழுவி, வெயில்ல காயவைச்சுத் திரும்பப் போடுவம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கழுவின பில்டர் பில்டர் இல்லைப் பிள்ளை. அது எங்களுக்கும் தெரியும். வேற ஒண்டும் இருக்கேல்லை."

எனக்கு முன்னால் அன்று இருபது விதமான பில்டர்கள் இருந்தன. நான் ஒன்றையும் வாசிக்காமல் எடுத்தேன். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கார்க் கொம்பனியின் சொந்த பில்டரையே வாங்கி வந்தேன். பன்னிரண்டு டொலர் வரையில் முடிந்தது. காரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, கீழே புகுந்து பழையதைக் கழற்றப் பார்த்தால் அசையவே இல்லை. ஒக்டோபரில் நான் றப்பர் வளையத்துக்கு ஒயில் பூசாமல், கையால் போதாது என்று கருவி போட்டு இறுக்கியிருந்தேன். அதே கருவியால் ஒரு மாதிரிக் கழற்றி, புதியதைப் பூட்டி, ஒயில் விட்டு, ஸ்டார்ட் பண்ணினேன்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. திறப்பைத் திருப்பிவிட்டு இறங்கிப் பார்த்தால், காருக்குக் கீழே கறுத்தக் குளம் ஒன்று வீதிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. மூன்றரை லீற்றர் பிடிக்கும் எஞ்சின். அரைவாசியாவது நிலத்தில் கிடந்திருக்கும்.

அப்பா டோர்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தார். நான் காய்ந்தபடி போட்ட பழைய றப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டி அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் புதிய வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறேன். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒருபோதும் நிற்காது. அழுத்தம் வந்ததும் வழுக்கிப் பிதுங்கிவிடும். எங்களுக்கு அதிர்ஷ்டம், உடனே பிதுங்கிவிட்டது. சில வேளை கொஞ்சத் தூரம் ஓடின பிறகுதான் விடும்.

அவர் ஏசவில்லை. "திங்கக்கிழமை விடிய, அந்த இருட்டுக்க, அம்மா 401 இல..." என்று தொடங்கி, முடிக்காமல் பூனைக்குப் போடும் மணல் மூட்டையை எடுத்து வந்தார். இரண்டு பேரும் முழந்தாளில் இருந்து ஒயிலின்மேல் மணலைக் கொட்டினோம்.

திரும்பப் பூட்டும்போது ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லாமல் என்னைக் கொண்டே சொல்ல வைத்தார். பழைய வளையம் கையில் இருக்கிறதா? இருக்கிறது. பில்டர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்தாயா? துடைத்தேன். புதிய வளையத்தில் விரலால் ஒயில் பூசினாயா? பூசினேன். வளையம் தொட்ட இடத்திலிருந்து பெட்டியில் சொன்ன அளவு, எனக்கு முக்கால் சுற்று, கையால். ஒயில் வடிக்கும் ஆணிக்குப் புது வாஷர். பிறகு ஸ்டார்ட் பண்ணி அரை நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, கீழே டோர்ச் அடித்துப் பார்த்து, கடைசியாக டிப்ஸ்டிக். காய்ந்தபடி இருந்தது நிலம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பழைய பில்டர்களையும் கராஜில் வைத்து வெட்டினோம். ஒன்று என் நாலு டொலர் பில்டர், ஒரு மாதம்கூட ஓடாதது. மற்றது அதற்கு முன் அப்பா போட்டது, ஆறு மாதம் ஓடினது. அதன் தகரத்தில் மார்க்கரால் திகதியும் கிலோமீற்றரும் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. அப்பாவுடையதில் மடிப்புகள் சீப்புப் பல்போல நெருக்கமாக, ஒரே இடைவெளியில் நின்றன. என்னுடையதில் எண்ணிக்கை குறைவு. ஓரிடத்தில் இரண்டு மடிப்புக்கு நடுவில் என் சின்ன விரல் போனது. றப்பர் மடல்கள் இரண்டையும் துடைத்து, இரவு வெளியே படியில் வைத்தோம். விடிய எடுத்துப் பார்த்தேன். அப்பாவுடையது மடித்தால் மடிந்தது. என்னுடையது பழைய செருப்பு அடிபோல விறைத்திருந்தது.

இப்போது நான் பில்டர் வாங்கும்போது பார்ப்பது இவைதான். காரின் வருடமும் எஞ்சின் அளவும் சரியாகப் பொருந்துகிற இலக்கமா? செய்தவர் பெயர் இருக்கிறதா? மடல் சிலிக்கோனா? வீதத்தோடு மைக்ரோன் அளவும் சொல்கிறார்களா? இணையத்தில் பெயர் தெரியாத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை, ஏனென்றால் நல்ல பெயர்களுக்கும் போலிகள் வருகின்றன. இருபது டொலர் பில்டர்கள் பல, ஒயிலை நீண்டநாள் மாற்றாமல் ஓடுபவர்களுக்காகச் செய்தவை. நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். எங்களுக்கு அது தேவையில்லை.

இன்னொன்று. எந்த பில்டரும் தேய்ந்த எஞ்சினைத் திருத்தாது. எங்கள் காரும் கொஞ்சம் ஒயில் குடிக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறேன். மணந்தும் பார்க்கிறேன், ஏன் என்று கேட்டால் பெரியப்பாவைச் சொல்வேன். பழைய ஒயிலையும் பில்டரையும் குப்பையில் போடாதீர்கள். ஆபத்தான கழிவுகளை நகரசபை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுக்கலாம்.

அந்தத் திங்கட்கிழமையும் ஐந்தரைக்கு எனக்கு விழிப்பு வந்தது. இந்த முறை கீழே இறங்கிப் போனேன். அப்பா ஜன்னலுக்குப் பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றார். வெளியே அம்மா திறப்பைத் திருப்பினார். நான் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. காரின் பின்விளக்குகள் வீதி முனையில் திரும்பும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உனக்கும் தேத்தண்ணி போடட்டே?" என்றார் அப்பா.