அண்ணியின் லண்டன் பயணம்

தென்னேரியில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த என் பெரிய நாத்தனாருக்கு ஐரோப்பாப் பிரயாணம்! மகன் பாரிஸில் இருக்கிறான். மருமகளுக்குப் பட்டுப் புடவை, அப்பளம், வடாம் எல்லாம் தயார். இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத்தான் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி முதலான 29 நாடுகள் சேர்ந்த வட்டாரத்துக்கு 'ஷெங்கன்' என்று பெயர். அதற்கு விசா வேண்டுமானால், குறைந்தது 30,000 யூரோ வரை வைத்தியச் செலவைத் தாங்கும் இன்ஷூரன்ஸ் காட்டியாக வேண்டும். ஐரோப்பிய யூனியனில் சேராத சுவிட்ஸர்லாந்து இதில் உண்டு. சேர்ந்த அயர்லாந்து இல்லை. பிரிட்டனும் இல்லை. வேடிக்கையான கணக்குத்தான், போங்கள்!

"அண்ணி, லண்டனில் பெண் வீட்டில் பத்து நாள் என்றீர்களே! அங்கே விசாவும் வேறு. இந்தப் பத்திரமும் செல்லாது."

"ரயிலில் இரண்டரை மணி நேரமாம். அங்கே போய் எனக்கு என்ன வந்துவிடப் போகிறது?"

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர் கேட்கிற கேள்வியா இது?

'உலகம் முழுவதும்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 'அமெரிக்கா, கானடா நீங்கலாக' என்று பொடியில் சேர்க்கும் திட்டங்களும் உண்டு. அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவு அப்படி! ஆசியாத் திட்டம் சிலவற்றில் ஜப்பான் கிடையாது. யுத்தம் நடக்கும் இடத்துக்கும், போகவேண்டாமென்று அரசாங்கம் எச்சரித்த நாட்டுக்கும் பெரும்பாலும் ஈடு கிடைக்காது.

ஏஜெண்டைக் கூப்பிட்டு, பிரிட்டனையும் சேர்த்து வேறு பத்திரம் எழுத வைத்தேன். கூடுதல் பணத்துக்கு அண்ணி முணுமுணுத்தார். விண்ணப்பத்தில் சர்க்கரை வியாதியை மறைக்காமல் எழுதச் சொன்னேனே, அதற்குத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.