குட்டையில் மாட்டிய குடும்பன்

பெங்களூரில் எந்தப் பொங்கல் விழாவுக்குப் போனாலும் பிள்ளைகள் நாடகம் ஒன்று நிச்சயம். அட்டையில் இலை ஒட்டிக்கொண்டு ஒரு பொடியன் மரமாக நிற்பான். ஒருத்தன் கோடாலியோடு வருவான். பூமித்தாய் அழுவாள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாட்டு. கைதட்டிவிட்டு பிளாஸ்டிக் கப்பில் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள் :-)

இதைவிட நல்ல சரக்கு முந்நூறு வருஷமாக நம்மிடம் இருக்கிறது மக்களே. முக்கூடற்பள்ளு! பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளாகப் படித்து, பரீட்சையோடு மறந்திருப்போம். உண்மையில் அது பாடி ஆடுகிற கூத்து, அதுவும் சிரிப்புக் கூத்து. எழுதியவர் யாரென்று உறுதியில்லை. தாமிரபரணியும் சிற்றாறும் இன்னொரு சிற்றாறும் கூடுகிற சீவலப்பேரிப் பக்கம்தான் களம். எங்க திருநெல்வேலிச் சீமை!

கதை இதுதான். குடும்பனுக்கு ரெண்டு பெண்டாட்டி. மூத்தவள் முக்கூடல், இளையவள் மருதூர். மலையாளத்துப் பக்கமும் ஈழத்துப் பக்கமும் மின்னுகிறது, தவளை கத்துகிறது, ஆற்றில் வெள்ளம் வருகிறது. குடும்பனோ இளையவள் வீடே கதியென்று கிடக்கிறான். மூத்தவள் போய் பண்ணைக்காரனிடம் பற்றவைக்கிறாள். அவன் குடும்பனின் காலைக் குட்டையில், அதாவது துளை போட்ட மரக்கட்டையில், மாட்டிவிடுகிறான். உடனே மனசு கேட்காமல் அதே மூத்தவள் வந்து விடச்சொல்லி மன்றாடுகிறாள். வெளியே வந்தவன் சீரகச்சம்பா, மணல்வாரி என்று விதைக்கணக்கும், குடைக்கொம்பன், செம்மறையன் என்று மாட்டுக்கணக்கும் ஒப்பிக்க வேண்டும். பிறகு உழப்போனால் மாடு முட்டிவிடுகிறது!

பண்ணைக்காரனின் தோற்றமும் கிண்டலுக்குத் தப்பவில்லை. உழைக்கிற சாதியை மட்டமாகக் காட்டிச் சிரிக்கிற இடங்களும் உண்டு. இன்று மேடையேற்றினால் அவற்றை வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் நிலத்தைக் கவனிக்காதவன் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்கிற விஷயம் இருக்கிறதே, அதை விடக்கூடாது.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் பிழைப்பது பீன்யாவில். 1970களில் தொடங்கிய தொழிற்பேட்டை. லேத்து, பிளேட்டிங், பவுடர் கோட்டிங் என்று தெருவெல்லாம் பட்டறை. பிளேட்டிங்கில் பளபளப்புக்குப் போடுகிற குரோமியம் இங்கே நிலத்தடி நீர் வரை இறங்கியிருக்கிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மார்க் போட்டபோது பீன்யாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. மார்க் கூடக்கூட அவமானமாகிற பரீட்சை அது!

இந்தப் பக்கத்துக் கழிவுநீர் விருஷபாவதியில் கலந்து, அர்க்காவதியில் சேர்ந்து, கனகபுரா தாண்டி சங்கமத்தில் காவிரிக்குள் இறங்குகிறது. அப்புறம் ஒகேனக்கல், மேட்டூர்... அதாவது நம்ம ஊர். காவிரியில் எத்தனை டிஎம்சி வரும் என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். வருகிற தண்ணீரில் என்ன வருகிறது என்று பேசுவது அபூர்வம்.

பட்டறைக்காரரைக் கேட்டால் ஆர்டர் கொடுத்த கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி விலையைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளரைக் காட்டும். யார் காலைக் குட்டையில் மாட்டுவது?

எனக்கு மூத்தவளைத்தான் பிடித்திருக்கிறது. புகார் சொன்னவளும் அவள்தான், மன்றாடியவளும் அவள்தான். அவன் உழுதால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். அதனால் ரெண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு. பீன்யா சோறு போடுகிற எங்களுக்கும் அப்படித்தான். பட்டறையை மூடு என்று சொல்ல வாய் வராது. கணக்கைக் காட்டு என்று கேட்க வரவேண்டும்.