சாயம் வெளுத்த கதை

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து, சுண்டலும் காப்பியும் வழங்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், நம்மினும் இளையவரான அன்பர் ஒருவர் நம்மை மெல்லத் தூண் ஓரமாக அழைத்துச் சென்றார். "அண்ணா, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். தலைக்கு அடிக்க நல்ல டை எது?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவருடைய காதோரத்தில் ஐந்தாறு வெள்ளி இழைகள் இருந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. நமக்கோ 2023ஆம் ஆண்டுப் பொங்கல் கண்முன் வந்து நின்றது. நின்ற நிலையில் அவருக்கு நாம் சொல்ல முடிந்தது பாதிதான். மற்றப் பாதி கூட்டத்தில் வைத்துச் சொல்லத்தக்கதன்று. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நாம் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் வேலை கிடைத்து, நாகபுரியில் பார்சல் அலுவலகக் குமாஸ்தாவாக அமர்ந்தவர். நமக்கு நரை இருபத்தெட்டாம் வயதில் தொடங்கியது. குவார்ட்டர்ஸில் உள்ளோர் ஒருவர் தவறாமல் இவ்வூர்த் தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள். தண்ணீர் பாவம், அது என் செய்யும்! இளநரை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சிலருக்கு மட்டும் பி12 ஊட்டக் குறைவோ தைராய்டுக் கோளாறோ காரணமாகலாம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நமக்கு வந்தது தந்தையார் வழி என்பதில் ஐயமில்லை.

அந்தத் தந்தையார் வழிதான் இந்தக் கதைக்கே காரணம். அவர் முப்பத்தெட்டாம் வயதில் காலமானார். அப்போது அவருடைய தலை முழுவதும் நரைத்திருந்தது. நமக்குப் பத்து வயது. அவருக்காகத்தான் நம் தலை முதன்முதலாக மழிக்கப்பட்டது.

2019ஆம் ஆண்டுக் கோடைக்குப் பின் நாம் ஊர் செல்லவில்லை. 2020 மார்ச்சில் பயணி வண்டிகளே நின்றுபோயின; அதன் பின்னர் மகளின் பள்ளி விடுமுறையும் நம் விடுப்பும் ஒத்துவரவில்லை. அரக்கோணத்துக்கு அருகில் உள்ள கிராமத்தில் அம்மா தனியே இருந்தார். செல்பேசியில் முகம் காட்டிப் பேசும்போதெல்லாம் நாம் மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டிருப்போம். நாகபுரிக் குளிர் என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். மே மாதத்தில்தான் சிறிது சிரமம். நான்காண்டுகளில் நம் தலை பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. வயதும் முப்பத்தைந்தைத் தொட்டது. கண்ணாடியில் நோக்கினால், ஊர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தந்தையாரின் படம்தான் தெரிந்தது. அந்த முகத்தோடு அம்மாவின் வாசலில் போய் நிற்க நமக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே, வண்டி ஏறுவதற்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்குக் கடையிலிருந்து ஒரு டைப் பெட்டி வாங்கி வந்தோம். "என்னங்க, பெட்டிக்குள்ளே ஒரு காகிதம் இருக்கே, அதைப் படிச்சிட்டுச் செய்யக் கூடாதா?" என்றாள் இல்லாள். பார்சல் ரசீதின் பின்புறம் அச்சிட்டிருக்கும் விதிகளை ஒருவரும் படிப்பதில்லை என்று நாள்தோறும் பொதுமக்களிடம் சண்டை பிடிக்கும் நாம், அந்தக் காகிதத்தை மடித்தபடியே குப்பையில் போட்டோம். எவர்சில்வர் கிண்ணத்தில் குழைத்துப் பழைய பல் துலக்கியால் தடவி, அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டியதை, நன்றாகப் பிடிக்கட்டுமென்று ஒரு மணி நேரம் வைத்திருந்தோம்.

கழுவியபின் கண்ட கோலத்தை என்னென்று வருணிப்பது! தலைமயிர் பூட் பாலிஷ் இட்டதுபோல் ஒரே கறுப்பு. நெற்றியில் விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை. இரண்டு காது மடல்களும் கரிப்பிடித்த சட்டி விளிம்புபோல் இருந்தன. மகள் முதலில் சிரித்தாள். பிறகு நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இனி நாம் செய்த திருத்தங்களைக் கேளுங்கள். மூலப் பிழையைவிடத் திருத்தமே நம்மைக் கெடுத்தது. நெற்றிக் கறையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்தோம், போகவில்லை. சலவைச் சோடாவைக் குழைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தோம். கறை பாதி போயிற்று, தோல் முழுதும் போயிற்று. பிறகு, கறுப்பு மிகுதியானால் பழுப்பு நிறச் சாயத்தை மேலே பூசினால் தணியும் என்று ஒரு யுக்தி தோன்றிற்று. கடை அடைக்கும் வேளையில் ஓடி இன்னொரு பெட்டி வாங்கி வந்து, எரிச்சலெடுத்துக்கொண்டிருந்த அதே தலையில் அதையும் பூசினோம். நிறம் அணுவளவும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பது பின்னரே விளங்கியது. இவ்வகைச் சாயத்தில் இரண்டு பொருள்கள் கலக்கப்படுகின்றன. ஒன்றில் நிறமற்ற நுண்ணிய மூலப்பொருள்கள். மற்றொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டும் சேர்ந்து மயிரிழைக்குள் புகுந்து, அங்கேயே வினைப்பட்டுப் பெரிய நிறத்துகள்களாகி வெளியே வரமுடியாமல் தங்கிவிடுகின்றன. ஏற்கெனவே உள்ளே தங்கிய சாயத்தை இன்னொரு சாயம் வெளியேற்றாது. கறுப்புத் துணியைப் பழுப்பு நீரில் முக்கினாற்போலத்தான்.

மறுநாள் முற்பகல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினோம். பல்லார்ஷா தாண்டும்போதே காதுக்குப் பின்னே நமைச்சல். விஜயவாடாவில் விளக்கேற்றியிருந்த வேளை, தலை முழுதும் எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்தது. நள்ளிரவில் நெற்றி வீங்கி, சென்னை சென்ட்ரலில் இறங்கியபோது இமைகள் இரண்டும் கொழுக்கட்டைபோல் பருத்துக் கண்கள் கீற்றாகத்தான் திறந்தன. அரக்கோணம் செல்லும் மின்சார வண்டியில் எதிரே அமர்ந்திருந்த அம்மாள் தம் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

வாசலில் கோலத்துக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருந்த அம்மா, முதலில் மருமகளையும் பேத்தியையும் கண்டு மலர்ந்தார். பிறகு நம்மைப் பார்த்தார். "இது யாரு?" என்று கேட்டார். நான்காண்டுகள் மப்ளர் சுற்றி நாம் காத்த முகத்துக்குக் கிடைத்த வரவேற்பு அது.

அரசு மருத்துவமனையில் இருந்த பெண் மருத்துவர், நம்மைக் கண்டவுடனே "டையா?" என்றார். மூச்சு முட்டுகிறதா, நாக்கு வீங்குகிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டார். அவ்வாறாயின் ஒரு கணமும் தாமதிக்கலாகாது என்றார். பிறகு, "முன்பு எப்போதாவது அரிப்பு வந்ததா?" என்றார். வந்திருந்தது. இரண்டு தீபாவளிகளுக்கு முன், சந்தையில் 'கறுப்பு மெஹந்தி' என்று விற்ற பொடியைப் பூசியபோது காதுக்குப் பின்னே இரண்டு நாள் அரித்தது. மருதாணிதானே, கெடுதல் செய்யுமா என்று விட்டுவிட்டோம். மருத்துவர் சிரித்தார். மருதாணி இலைக்குக் கறுப்பாக்கும் குணமே இல்லை. அது செம்மஞ்சளைத்தான் தரும். மருதாணி என்ற பெயரில் விரைவில் கறுப்பாக்கும் பொடிகளில் பெரும்பாலும் பாரா-பினைலின்டையமின் என்ற இரசாயனம் சேர்ந்திருக்கும். கறுப்பு டைகள் மிகப் பலவற்றிலும் இருப்பது அதுவே. அதற்கு ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் அது நீங்குவதில்லை. மறுமுறை இன்னும் கடுமையாக வரலாம். அந்த இரண்டு நாள் அரிப்பே எச்சரிக்கை மணி. நாம் அதன்மேல் இரண்டு பெட்டிச் சாயத்தை, அதுவும் தோலை உரித்துவிட்டு, ஊற்றியிருந்தோம்.

வீக்கம் வடிய ஸ்டீராய்டு மாத்திரையும், நமைச்சல் அடங்க வேறொரு மாத்திரையும், தடவ ஒரு களிம்பும் தந்தார். இவற்றைக் கடையில் நாமாகவே கேட்டு வாங்கி மேலும் தின்னலாகாது என்று விரலை நீட்டிச் சொன்னார். மென்மையான ஷாம்பு கொண்டு, ஏராளமான வெதுவெதுப்பான நீரில் எஞ்சிய சாயத்தைத் தேய்க்காமல் அலசச் செய்தார்.

தூண் ஓரத்து அன்பருக்கு நாம் சொன்ன பாதி இந்த மருத்துவரிடம் கற்றதும், பின்னர் நாகபுரி முடிதிருத்தும் நண்பரிடம் கேட்டதுமே. டை பூசியே தீரவேண்டுமாயின், ஒவ்வொரு முறையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்னோ முழங்கை மடிப்பிலோ சிறு பொட்டாகத் தடவிப் பார்க்க வேண்டும். சென்ற முறை ஒன்றும் செய்யவில்லை என்பது இம்முறைக்குச் சான்றாகாது. சிவந்தாலும் அரித்தாலும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. நெற்றியோரத்திலும் காதிலும் முன்னதாக வாசலின் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது. பிடித்துவிட்டால் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மேல்தோல் சில நாளில் தானே உதிர, கறையும் உடன் உதிரும். கறுப்பு மிகுந்துவிட்டால் மேலே எதையும் பூசாமல், தலையில் புண்ணில்லையெனில் முதல் வாரத்தில் அடிக்கடி ஷாம்பு போட்டு அலச வேண்டும், சிறிது தணியும். அவசரமாயின் கைதேர்ந்த முடிதிருத்துவோரிடம் செல்லுதல் நன்று. இன்ன பொருள் கலந்தது என்று தெரியாத மெஹந்திப் பொடியை முன்பு பூசியிருந்தால் அவரிடம் அதை மறைக்கவே கூடாது. சில பொடிகளில் உள்ள உலோக உப்புகள் பெராக்சைடு பட்டதும் சூடேறி மயிரையே பொசுக்கிவிடும்.

இல்லாளின் பெரியம்மா ஒருவர் முதலில் மருதாணியும், அதை அலசியபின் அவுரியிலைப் பொடியும் பூசிக்கொள்கிறார். அவுரி திண்டிவனம் பக்கத்தில் விளைவது, நம் ஊர்ச் சரக்கு. இரண்டும் சேர்ந்தால் கறுப்புக்கு அண்மையில் வரும். முழு நிறம் தெரிய ஓரிரு நாள் ஆகும். ஆனால் பொதியின் மேல் எழுதியிருப்பதை எல்லாம் படித்து, இலைப்பொடி தவிர வேறொன்றும் இல்லையென்று கண்ட பின்னரே வாங்குவார். படிக்கும் பழக்கம் உள்ளவர்.

இவ்வளவே அன்பருக்குச் சொன்னது.

அவ்வாண்டுப் பொங்கலுக்குப் புதுப்பானையை நாம் காணவில்லை. உள்ளறையில் ஈரத்துணியைக் கண்மேல் இட்டுப் படுத்திருந்தோம். பால் பொங்கும்போது மகள் கூவியது மட்டும் கேட்டது. அம்மா வேளைக்கு வேளை கஞ்சியோடு வருவார், துணியை நனைத்து மாற்றுவார், போய்விடுவார். சாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அது நம்மை இன்னும் வருத்தியது.

எட்டாம் நாள் வீக்கம் வடிந்து, நீர்க்கசிவும் காய்ந்தது. சாயம் ஏறிய மயிரை ஒட்ட வெட்டிவிடுதல் நலம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாவிதரை அழைத்து வர நாம் எழுந்தபோது அம்மா குறுக்கே வந்தார். "தலையைச் சிரைக்கவா? வேணாங் கண்ணு," என்றார். அவர் கண்கள் சுவரில் இருந்த படத்தின் மேல் சென்று மீண்டன. அப்போதுதான் நமக்கும் அது உறைத்தது. கத்தி வேண்டாம், மிஷின்தான், அதுவும் வாசலில் அன்று, தோட்டத்துக் கிணற்றடியில் என்று நெடுநேரம் சமாதானம் சொன்னோம். கடைசியில் இசைந்தார், ஆனால் அருகில் நிற்கவில்லை.

கறுப்பு முழுதும் உதிர்ந்தது. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்; ஆகவே சாயம் படாத எட்டு நாள் முளை மட்டும் அரிசி நொய்யளவு தலையில் நின்றது. அவ்வளவும் வெள்ளை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

அம்மா துண்டை எடுத்தார். ஒன்றும் பேசாமல் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்தலையை விரலால் தடவிப் பார்த்தார். "எத்தினி வருசமா இப்படி?" என்றார். சொன்னோம். மப்ளரைப் பற்றியும் சொன்னோம். "அது எனக்குத் தெரியும்," என்றார். "சித்திரையிலே எவன் மப்ளர் சுத்துவான்?"

பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "இங்கே வாம்மா. இந்தச் சுழியைப் பாரு, ரெட்டைச் சுழி. இவங்க அப்பாவுக்கும் இதே எடத்திலேதான் இருந்துச்சு. முடி கறுப்பா இருந்தவரைக்கும் தெரியலே."