ஊசிக் குறிப்புகள்

மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம். அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளிறி இருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும்.

வாசிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சதுரம் சூடு பட்டதை மட்டும்தான் காட்டும். உறைந்து போனதைக் காட்டாது. பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) எல்லாம் உறைந்தால் வீண். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய ஒரு குப்பியைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வண்டல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஒப்பிடுவார்கள்.

மருந்து இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரியில். வெயில் காயும் ஊரில் பனிக்கட்டிக்கும் பயந்து வேலை செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஊசி நாள் புதன். அட்டையில் 6, 10, 14 வாரம். அம்மாக்கள் வாயில் ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம்.

பிறந்ததும் மூன்று. காசநோய்க்கான பிசிஜி இடது கையில். போலியோ சொட்டு வாயில். ஹெபடைடிஸ் பி தொடையில். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் மணிக்கணக்கு: 24 மணி நேரத்துக்குள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து கிருமி வந்திருந்தால் அதை முந்த வேண்டும். சிசுவாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பிறகு கல்லீரல்.

ஞாயிறு ராத்திரி பிறந்தால்?

"ஞாயிறு ராத்திரியே போடணும். இதுக்குப் புதன் பாக்கக் கூடாது" என்றார் செவிலியர்.

பென்டா இடது தொடை. நியூமோகாக்கல் வலது தொடை. இடம் மாற்றுவதில்லை. வீங்கினால் எதனால் என்று உடனே தெரிய வேண்டும்.

பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துத்தான் கட்டி வரும். பழுக்கும், உடையும், தழும்பாகும். எதையும் தடவக் கூடாது. மஞ்சளும் வேண்டாம். இதைப் பாட்டியிடம் யார் சொல்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிக்கல்.

கிண்டியில் பிசிஜி ஆய்வுக்கூடம், 1948. ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்தார். 1955-ல் அதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார்.

செங்கல்பட்டு, 1968. லட்சக்கணக்கானவர்களை வைத்து நடந்த ஆய்வு. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை பிசிஜி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் குழந்தைகளின் மூளைக் காசத்தைத் தடுக்கிறது. பிறந்ததும் போடுவது நிற்கவில்லை.

2024. பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு பிசிஜி, மறுபடியும் ஆய்வாக. தமிழ்நாட்டிலும். 60 வயது கடந்தவர், சர்க்கரை உள்ளவர், புகைப்பவர், முன்பே காசம் வந்து ஆறியவர், வீட்டில் காசநோயாளியோடு இருந்தவர், எடை குறைந்தவர்.

"சளி பிடிச்சிருக்குக்கா, அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன்."

லேசான சளி தடை இல்லை. இருமல், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எதுவும் தடை இல்லை. குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. மருந்து அளவையும் குறைப்பதில்லை.

தவணை தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து போடலாம். இது தெரியாமல், திட்டுவார்களோ என்று பயந்து வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். சுகாதார நிலைய வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போடலாம்.

தட்டம்மை ருபெல்லா மருந்து தூளாக வரும். கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான். ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியைத் திறக்கலாம். மிச்சம் வீணானால் ஆகட்டும்.

ருபெல்லா தாய்க்கு லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கண், காது, இதயம்.

கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது. போட்டுக்கொண்டால் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஆகவே ஊசி போட்டாயிற்றா என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பத்திரிகை அடிக்கும் நேரத்தில் யார் கேட்கிறார்கள்?

வேலூரில் டி. ஜேக்கப் ஜான். மூன்று தவணை போலியோ சொட்டு நம் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்று 1970-களிலேயே கண்டு சொன்னவர். தமிழ்நாட்டில் கடைசி போலியோ 2004. நாட்டில் கடைசி, 2011 ஜனவரி, ஹவுரா.

இப்போது சொட்டோடு ஊசியும். 0.1 மில்லி, தோலுக்குள். ஆறாம் வாரம், பதினாலாம் வாரம், 2023 முதல் ஒன்பதாம் மாதமும்.

ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒவ்வாமை கடுமையாக வந்தால் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். பக்கத்தில் அட்ரினலின் தயாராக இருக்கும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு அம்மா எழுந்தார். செவிலியர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா உட்கார்ந்துவிட்டார்.

நாய்க்கடி.

குன்னூர் பாஸ்டர் நிலையம், 1907. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி 2004-ன் இறுதியில் நின்றது. இன்னும் அதற்குப் பயந்தே வராதவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கையில், தோலுக்குள், இரண்டு இடத்தில். கடித்த அன்று, 3, 7, 28-ஆம் நாள்.

அதற்கு முன்னால் சோப்பு. ஓடும் தண்ணீர். 15 நிமிடம். குழாயடியில் நின்று பார்த்தால்தான் அது எத்தனை நேரம் என்று தெரியும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி வேலை தொடங்கச் சில நாள் ஆகும். அதுவரை இதுதான் காவல்.

நாயைப் பத்து நாள் கவனிக்கலாம். கவனித்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கும் போடலாம். கைக்குழந்தைக்கும் போடலாம்.

பிள்ளைக்கு அட்டை இருக்கிறது. அப்பாவுக்கு?

டிடி பத்து வருஷத்துக்கு ஒருமுறை. ஆணி குத்தினால்தான் ஞாபகம் வருகிறது.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். கிருமி மாறுகிறது, மருந்தும் மாறுகிறது. ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் முதலில்.

மண்ணீரலை எடுக்கத் தேதி குறித்தவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே நியூமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப். விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்து. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி இரட்டை அளவு. உடம்பு ஏற்றுக்கொள்வது குறைவு. பிறகு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஹஜ் போகிறவர்களுக்கு மெனிங்கோகாக்கல். ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும்.

மருத்துவமனையில் டாக்டருக்கும் நர்சுக்கும் ஹெபடைடிஸ் பி பற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் போட்ட ஊசிகள் கிடக்கும் பையைக் கட்டித் தூக்குகிற அக்காவிடம்?

கேட்க வேண்டும்: முதல் ஊசி எப்போது, ஒரு மாதத்தில் இரண்டாவது போட்டார்களா, ஆறாம் மாதம் மூன்றாவது. அதன்பின் ரத்தப் பரிசோதனை. ஒப்பந்தக்காரர் மாறினால் அந்தச் சீட்டு யாரிடம் இருக்கும் என்பதையும்.