இராமநாதபுரத்து இளவரசியும் அவர் மகளும்

புளியங்குடியில் நின்று யாரைக் கேட்டாலும் நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கதையைச் சொல்வார்கள். அவருடைய மனைவி பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள்! ராஜா கதைகளில் ராணிகளின் நிலைமை அதுதான். இதில் தப்பித்தவர் சிவகங்கை வேலு நாச்சியார். 2008இல் அவருக்குத் தபால்தலையே வந்துவிட்டது. ஆனால் அவரை எல்லோருக்கும் வாளோடுதான் தெரியும். அவருடைய குடும்பக் கதையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அந்த வாளை எதற்காக எடுத்தார் என்பதே புரியாது.

முதலில் கொஞ்சம் ஜெர்மனி. 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஏகப்பட்ட குட்டி அரசுகள், கிட்டத்தட்ட நம்மூர்ப் பாளையங்கள் மாதிரி. படை, பணம் பெரிதாகக் கிடையாது. பெண் கொடுத்து, பெண் எடுத்துத்தான் அரசியல் நடந்தது. அப்படி ஒரு குடும்பத்தில் 1729இல் பிறந்த சோஃபி என்ற பெண்ணை, 1745இல் ஹோல்ஸ்டைன்-கோட்டார்ப் நாட்டுப் பிரபுவும் ரஷ்யாவின் வாரிசுமான பீட்டருக்குக் கட்டிவைத்தார்கள். பேரரசி கேத்தரின் என்றால் தெரியும், அவரேதான். 1796 நவம்பரில் இறந்தார்.

வேலு நாச்சியார் பிறந்தது 1730. கல்யாணம் 1746. மறைந்தது 1796 டிசம்பர். என்ன ஒரு பொருத்தம் பாருங்கள்!

கல்யாணக் காரணமும் அதேதான். சிவகங்கைச் சீமையே இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து வந்தது. அதன் முதல் அரசர் சசிவர்ணத் தேவர் சேதுபதி வீட்டு அகிலாண்டேஸ்வரி நாச்சியாரை மணந்தார். அவர் மகன் முத்துவடுகநாதருக்கு வந்தவர்தான், செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் ஒரே மகள் வேலு நாச்சியார். பாகம் பிரிந்த இரண்டு வீடுகள் சம்பந்தம் செய்து உறவை விடாமல் பிடித்துக்கொள்வது போலத்தான்.

அந்த உறவை 1772 ஜூன் மாதம் ஒரேயடியாக உடைத்துப் போட்டது. ஆற்காடு நவாபின் படையும் கம்பெனிப் படையும் முதலில் இராமநாதபுரத்தைப் பிடித்தன. சிறுவனாக இருந்த சேதுபதியையும் அவருடைய தாயாரையும் திருச்சியில் சிறை வைத்தார்கள். அதே மாதம் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வழக்கமாகப் புருஷனை இழந்த பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவாள். வேலு நாச்சியாருக்குப் பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. கையில் இருந்தது மகள் வெள்ளச்சி மட்டும்தான்.

பிரதானி தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் துணையோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போனார். பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். ஒன்றிரண்டு மாதமல்ல, சுமார் எட்டு வருஷம் அந்த அஞ்ஞாதவாசம். ஹைதர் அலியின் படை உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். சினிமாக்காரர்களுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும் :-)

ஆனால் மீட்டது யாருக்காக? வெள்ளச்சிக்காகத்தானே? அந்தச் சீமைக்கு நேர் வாரிசு அவள்தான். சக்கந்தி வேங்கன் பெரிய உடையாத் தேவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். பாட்டி, அம்மா கல்யாணங்களைப் போலவே இதிலும் சீமையின் கணக்கு இருந்திருக்கும், சந்தேகமில்லை. வெள்ளச்சி தாய் உயிரோடு இருக்கும்போதே இறந்துபோனாள். கேத்தரினுக்குப் பின்னால் அரியணை ஏற பால் என்ற மகன் இருந்தான். வேலு நாச்சியார் கண்மூடியபோது அவர் யாருக்காகக் காட்டிலும் மேட்டிலும் அலைந்தாரோ அந்தப் பிள்ளை இல்லை. சிவகங்கை மருமகன் கையில் இருந்தது. அவரையும் 1801 கிளர்ச்சிக்குப் பிறகு, 1802இல் கம்பெனிக்காரர்கள் பினாங்குக்கு நாடு கடத்திவிட்டார்கள். மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டது 1801 அக்டோபரில், திருப்பத்தூரில்.

வேலு நாச்சியாருக்குச் சிலை இருக்கிறது. வெள்ளச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் எத்தனை பேர்? இத்தனைக்கும் கதையின் நடுப்புள்ளியே அவள்தான்.

சீமை பிறகு கம்பெனி தயவில் ஜமீனாகி, அதே வம்சத்தின் படமாத்தூர்க் கிளையைச் சேர்ந்த கௌரி வல்லபத் தேவருக்குப் போனது. 1829இல் அவர் இறந்ததும் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். அவர் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. ஜமீன் அப்பாவின் சுயசம்பாத்தியம், ஆகவே பங்காளிக்குப் போகாது, மகளுக்குத்தான் என்று 1863இல் தீர்ப்பு வந்தது. இந்து சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படித்துத்தான் ஆக வேண்டும்.