பன்னிரண்டு எம்ப்டி

அவர் முதலில் பிஸ்டலைக் கேட்கவில்லை. "எம்ப்டி கொண்டாந்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

சுட்டு முடிந்த தோட்டாவின் காலி உறைக்குத் துப்பாக்கி சுடும் ரேஞ்சிலும் போலீஸ் ஆயுதக் கிடங்கிலும் எம்ப்டி என்றே பெயர். பயிற்சியாளர் பிஸ்டலைக் கொண்டு வந்திருந்தார். கிளப்பின் உரிமக் காகிதங்கள், இரண்டு மேகசின், மாற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங், பழைய எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் பையில் இருந்தன. எம்ப்டி மட்டும் இல்லை.

"அப்ப நாளைக்கு வாங்க. இந்தப் பிஸ்டல்ல சுட்டது மட்டும், வேற எதோடயும் கலக்காம. நல்லா விழுந்தது ஒரு பொட்டலம், மாட்டுனது ஒரு பொட்டலம். அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

கோவையில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு வீதியில் இருக்கிறது அந்தக் கடை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி செய்யவும் விற்கவும் மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் வந்த தேதியும் போன தேதியும் தடித்த பதிவேட்டில் ஏறுகின்றன. எம்ப்டி கேட்ட கடைக்காரப் பெரியவர் காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா லேத் ஓட்டியவர் என்பதால் இரும்பின் பாஷை வீட்டிலேயே வந்துவிட்டது. வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். "பாருங்க தம்பி, கேளுங்க. தொட மட்டும் வேண்டாம்" என்றார்.

மறுநாள் பயிற்சியாளரோடு அந்தப் பெண்ணும் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். மாநிலப் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. அவள் சுடுவது 25 மீட்டர் பிஸ்டல். முதல் 30 குண்டுகள் நிதானமாகச் சுடுவது. அடுத்த 30 வேகச்சுற்று: பச்சை விளக்கு மூன்று நொடி, சிவப்பு ஏழு நொடி, ஒரு பச்சைக்கு ஒரு குண்டு. ஐந்து குண்டு ஒரு தொடர். மூன்றாவது குண்டில் எம்ப்டி மாட்டிக்கொண்டால் எடுத்துப் போட்டுத் தொடர நேரமில்லை. கையை உயர்த்தி அதிகாரியைக் கூப்பிட வேண்டும். பிஸ்டல் டார்கெட் பக்கமே பார்த்திருக்க வேண்டும். அவர் பார்ப்பதற்குமுன் போல்ட்டைத் தொட்டுவிட்டால் கோளாறு கோளாறாகவே ஏற்கப்படாது. ஏற்கப்பட்டாலும் விட்ட குண்டைச் சுடும் வாய்ப்புதான் திரும்பக் கிடைக்கும். கலைந்துபோன மூச்சை யாரும் திருப்பித் தருவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் நடுப்போட்டியில் மக்கர் செய்ததும், அவர் இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்றை இழந்ததும் இந்த ரேஞ்சுகளில் இன்றும் பேசப்படுகிறது. அதே பெண் 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

இந்தப் பெண்ணுக்கு மாட்டுவது ஒரு மாதமாக. முதல் பத்துப் பதினைந்து குண்டு சரியாகப் போகும். பிறகு காலி உறை முழுக்க வெளியே விழாமல், முன்னே பாயும் போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே அடுப்புப் புகைக்குழாய் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றுவிடும். சில நேரம் குழலுக்குள்ளேயே தங்கிவிடும். தோட்டா பெட்டியை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள். எக்ஸ்ட்ராக்டரை மாற்றியதும் இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி ஆரம்பித்தது. கடைசியில் மிச்சமிருந்தது அவள் கைதான். மணிக்கட்டு தளர்கிறது, பிடி போதவில்லை என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வலது மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

பெரியவர் அந்தப் பட்டையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிஸ்டலை வாங்கியதும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தார். பயிற்சியாளரிடம் காட்டினார். பிறகு என்னிடமும். "மூணு பேரு பாத்தாத்தான் காலி" என்றார். அதற்குப் பின்னால்தான் மேசை விளக்கைப் போட்டார்.

இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள .22 பிஸ்டலின் வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வேலை பார்த்த காலத்துப் போலீஸ் பிஸ்டல் இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மில்லிமீட்டர். ஜான் பிரௌனிங் தொடங்கி, 1926இல் அவர் இறந்தபின் பெல்ஜியத்தில் தியடோனே சைவ் முடித்த ஹை பவர் வடிவத்தின் வழி வந்தது. அதில் சுட்டதும் குழலும் ஸ்லைடும் ஒன்றையொன்று பூட்டியபடி சிறிது தூரம் பின்னால் போகும்; பிறகு குழல் தாழ்ந்து பூட்டு விடும். அதன்பின் காலி உறையைப் பிடித்து இழுப்பது எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கியின் வேலை. கொக்கி தேய்ந்தால் எம்ப்டி உள்ளேயே நிற்கும்.

.22இல் அந்தப் பூட்டே கிடையாது. தோட்டாவின் ஈயக் குண்டு 2.6 கிராம்தான். உறைக்குள் எழும் வாயு குண்டை முன்னால் தள்ளும்போதே உறையைப் பின்னாலும் தள்ளுகிறது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அதைத் தாமதப்படுத்துகின்றன. உறை தன் வேகத்திலேயே வெளியே வரும். கொக்கி அதைப் போல்ட்டோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். பின்னால் வரும் வழியில் இடப்பக்கம் எஜெக்டர் என்ற அசையாத முட்டு நிற்கிறது. உறையின் அடி அதில் மோதியதும் வலப்பக்கம் தெறித்து விழுகிறது.

"பெரிய துப்பாக்கி பழகினவங்க எடுத்ததும் கொக்கியத்தான் சந்தேகப்படுவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றார். "இதுல கொக்கி கெட்டா வேற மாதிரி தெரியும். சுட்ட உறை வெளிய வந்துரும், சுடாத தோட்டாவக் கையால இழுத்தா வராது. வாயு தள்ளுறதுக்கு ஆள் இல்லையே."

டம்மி தோட்டா ஒன்றைக் கொக்கிக்கு அடியில் செருகிப் போல்ட்டை மட்டும் கையில் பிடித்து ஆட்டினார். விழவில்லை. அறைக்குள் போட்டு இழுத்தார். வந்தது. கொக்கி குற்றவாளி இல்லை. எஜெக்டரின் முனை மழுங்கவில்லை, ஆடவும் இல்லை. அதுவும் இல்லை. பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் மேசையில் நிறுத்தி உயரம் பார்த்தார். இரண்டும் ஒன்று. ஒவ்வொன்றையும் பார்த்தபின் பதிவேட்டை ஒட்டிய சின்ன நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். ஒரு பொருளைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததைத் தொடவில்லை. "ஒரே நேரத்துல மூணு மாத்துனா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. தெரியாம சரியானது தெரியாமலே கெட்டுப்போகும்."

பிறகு பொட்டலங்களைப் பிரித்தார்.

ஒன்றரை சென்டிமீட்டர் நீளப் பித்தளை உறைகள். மாட்டியவற்றில் ஆறு, நன்றாக விழுந்தவற்றில் ஆறு எடுத்து, மாவுக்கட்டியில் அடி தெரியும்படி படுக்கவைத்தார். .22 தோட்டாவில் வெடிமருந்தைக் கொளுத்தும் கலவை நடுவில் இல்லை, அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கிறது. அதனால் ஃபையரிங் பின் விளிம்பில்தான் அடிக்கும். ஒவ்வொரு எம்ப்டியின் விளிம்பிலும் அந்த அடியின் பள்ளம் ஒன்று இருக்கும். பன்னிரண்டையும் பள்ளம் மேலே வரும்படி திருப்பி வைத்தார். பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். அப்போது தெரிந்தது. பள்ளத்துக்கு நேர் கீழே தொடங்கி, உறையின் வாய் வரைக்கும் மயிரிழை போல ஒரு கீறல். இரண்டாவதிலும் அதே இடம். பன்னிரண்டிலும் அதே இடம். நன்றாக விழுந்த ஆறிலும் இருந்தது. மாட்டிய ஆறில் ஆழமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உறை அறைக்குள்ள சுத்தாதுங்க. பின் அடிச்ச இடமும் கீறுன இடமும் ஒரே நேர்கோடு. அப்படின்னா பின் அடிக்கிற இடத்துல குழலோட வாயில ஏதோ நிக்குது."

குழலைக் கழற்றினார். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை அறைக்குள் விட்டு மெல்லச் சுற்றி இழுத்தார். மேல்பக்கம் வந்தபோது பஞ்சின் இழை ஒன்று பிடித்துக்கொண்டு நீண்டது. அந்த இடத்தில் விரல் நுனியை வைத்தார். "பிசிறு" என்றார். லேத்தில் இரும்பைக் கடைந்ததும் விளிம்பில் கூராக நிற்குமே, அதே சொல்.

அந்தப் பிசிறு வந்த வழி இது. காலிப் பிஸ்டலை அழுத்திப் பயிற்சி செய்வதை டிரை ஃபையர் என்கிறார்கள். குண்டு செலவில்லாமல் விசையைப் பழக அதைவிட நல்ல வழியில்லை. இவள் தினமும் செய்தாள். தோட்டா இருந்தால் பின் அதன் மெல்லிய விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாதபோது பின் குழலின் விளிம்பைத் தொடாமல் நிற்க வேண்டும். அதற்காகப் போல்ட்டுக்குள் குறுக்கே ஒரு சிறு முளை இருக்கும். பெரியவர் போல்ட்டைப் பிரித்தார். முளை இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது.

முளை இல்லாத பின், ஒவ்வொரு காலி அழுத்தலிலும் குழலின் வாயில் சுத்தியலாக அடித்திருக்கிறது. இரும்பு நசுங்கி அறைக்குள் பிதுங்கியிருக்கிறது. சுடும்போது உறை விரிந்து சுவரில் ஒட்டும். வெளியே வரும் வழியெல்லாம் அந்தப் பிசிறு ஏர்போல உழும். அந்த உழவில் போல்ட்டின் வேகம் குறைந்து, உறை எஜெக்டரில் மெல்ல மோதி, தெறிக்காமல் நின்றுவிடுகிறது. மெழுகும் கரியும் சேரச் சேர நிலைமை மோசமாகிறது. அதனால்தான் முதல் பத்துப் பதினைந்து குண்டு தப்பித்தது. அறையை நன்றாகத் துடைத்துவிட்டுப் புதுக் கொக்கி போட்டதால்தான் அது இரண்டு நாள் சமாளித்தது.

பயிற்சியாளர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போன மாசம் போல்ட்டை நான்தானுங்கய்யா முழுசாக் கழட்டிக் கழுவினேன்" என்றார்.

"எள்ளு மாதிரி இருக்கும். எண்ணெய்த் துணியோட போயிருக்கும். இனிமேல் வெள்ளத் துணி விரிச்சு அது மேல கழட்டுங்க." அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, பன்னிரண்டையும் அவளே பார்க்கும்வரை காத்திருந்தார்.

"இது உன் கை போட்ட கோடு இல்ல, கண்ணு. கை மேல தப்பில்லைன்னு பன்னண்டும் எழுதிக் குடுத்துருக்கு."

அவள் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது மணிக்கட்டுப் பட்டை அவள் மடியில் இருந்தது. ஒரு மாதமாகச் சுமந்த பழியை ஒரு கீறல் இறக்கி வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோளாறு பார்ப்பது என்றால் கெட்டதைக் கண்டுபிடிப்பது என்று மட்டும் நினைத்திருந்தேன். கெடாதவற்றை ஒவ்வொன்றாக விடுவிப்பதுதான் அந்த வேலையில் பாதி என்று அன்று தெரிந்தது.

அரத்தால் ராவிவிடலாமே என்று கேட்டேன். அவர் வேகமாகத் தலையசைத்தார். ராவினால் அறையின் வாய் அகன்றுவிடும். அங்கே தாங்க ஒன்றுமில்லாமல் மெல்லிய பித்தளை வெடித்தால் வாயு சுடுபவரின் முகத்துக்கு வரும். "இரும்ப எடுக்கக் கூடாது. வந்த வழியே திருப்பி அனுப்பணும்." அதற்கென்றே அவர் செய்து வைத்திருக்கும் கருவி, ஒரு பக்கம் சரிவாகக் கடைந்து கண்ணாடிபோல் மெருகேற்றிய கெட்டி எஃகுத் தண்டு. எண்ணெய் தொட்டு, அறைக்குள் செலுத்தி, பிசிறின் மேல் அழுத்தி உருட்டினார். எடுத்துப் பஞ்சுக்குச்சியை விட்டார். மறுபடி உருட்டினார். பஞ்சின் இழை சிக்காமல் சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆனது. வெளிவிளிம்பின் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. அது இனி யாரையும் தொந்தரவு செய்யாது.

அளவு பார்த்துப் புது முளை போட்டார். பின் அடித்த பள்ளத்தின் மேல் மார்க்கர் மை தடவி, குழலை மாட்டி, ஒருமுறை காலியாக அழுத்தினார். கழற்றிப் பார்த்தால் மை கலையாமல் இருந்தது. பின் இப்போது குழலைத் தொடவில்லை. டம்மி தோட்டா முழுக்க மை பூசி அறைக்குள் விட்டு இழுத்தார். மையில் கோடு இல்லை. இரண்டையும் நோட்டில் எழுதினார்.

மறுநாள் காலை ரேஞ்ச். பெரியவரும் வந்தார். அவள் வேகச்சுற்றின் ஆறு தொடரையும் சுட்டாள். பச்சை, கை உயர்ந்தது, ஒரு சத்தம். சிவப்பு, கை தாழ்ந்தது. பெரியவர் டார்கெட் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவள் வலப்பக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எம்ப்டிகள் ஒரு முறம் அகலத்துக்குள் ஒரே இடத்தில் விழுந்தன. விழும் இடம் சிதறாமல் இருந்தால் போல்ட்டின் வேகம் குண்டுக்குக் குண்டு மாறவில்லை என்று பொருள். பதினைந்தாவது குண்டு தாண்டியபோது பயிற்சியாளர் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. முப்பதும் விழுந்தன.

குனிந்து பத்து எம்ப்டி பொறுக்கி, அங்கேயே மணல்மூட்டை மேல் பள்ளம் மேலே வரும்படி வரிசையாக வைத்தார். அவளிடம் கண்ணாடியை நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணுலயும் இல்லீங்கய்யா."

"ஆயிரம் ரவுண்டு ஆனதும் கடைக்கு வா, கண்ணு" என்றார் பெரியவர். "பிஸ்டல் வேண்டாம். பத்து எம்ப்டி மட்டும் எடுத்துட்டு வா."